லலிதா அம்மையார் தேர்ந்த துறை

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்துவிட்டால் நம்மவர் வீடுகளில் ஒரே கேள்விதான் உலவுகிறது. பொறியியலில் எந்தப் பிரிவு? லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கப் போனாலும் அந்தக் கேள்வி. கோயிலில் விபூதிக்குக் கை நீட்டும்போதும் அதே கேள்வி. கணினிதான் சோறு போடும் என்கிறார் ஒருவர். எல்லாரும் அங்கே போய் நெருக்குவதால் மின்சாரமே மேல் என்கிறார் இன்னொருவர். கட்டடப் பொறியியல் பெண் பிள்ளைக்கு ஒத்துவராது என்று மூன்றாமவர் தீர்ப்பே கூறிவிடுகிறார். கேட்கப்படாதவர் ஒருவர் உண்டென்றால் அது படிக்கப் போகிற பிள்ளைதான்.

இவ்வாண்டு அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. தந்தையாரின் வேலை நிமித்தம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. என் தங்கை விண்ணப்பத் தாளை வைத்துக்கொண்டு, அண்ணா எதை முதலில் எழுதட்டும் என்று என்னைக் கேட்டாள். நான் இயற்பியல் முதுகலை மாணவன். அணுவின் உட்கருவைப் பற்றிக் கேட்டால் ஏதோ சொல்லிவிடுவேன். இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. அப்பொழுதுதான் இந்த நகரத்திலேயே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எஞ்சினீயராகப் பணிபுரிந்த ஓர் அம்மையாரின் வரலாறு நினைவுக்கு வந்தது. அவளுக்குச் சொன்னதையே நண்பர்களாகிய உங்களுக்கும் சொல்லுகிறேன்.

ஐயலசோமயாஜுல லலிதா என்பது அவர் முழுப்பெயர். இந்தியாவின் முதற் பெண் எஞ்சினீயர்களுள் ஒருவர் என்று இன்று நாடெங்கும் அறியப்பட்டவர். 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் சென்னையில் தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஏழு மக்களில் ஐந்தாமவர். தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அந்த வீட்டில் ஆண் மக்கள் பொறியியல் படித்தனர். பெண் மக்கள் ஓரளவு எழுதப் படிக்கக் கற்றதும் மணம் முடிக்கப்பட்டனர். அக்காலத்து வழக்கம் அது. லலிதாவுக்கும் பதினைந்தாம் வயதில் திருமணம் நடந்தது. ஆயினும் மணமான பின்னும் பத்தாம் வகுப்பு வரை படிப்பைத் தொடரும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் அவரைக் காத்தது அந்தச் சிறு படிப்புத்தான்.

1937இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் நிறைந்த வேளையில் கணவர் காலமானார். லலிதாவுக்கு அப்பொழுது வயது பதினெட்டு.

அந்த நாளில் மேற்குலத்துக் கைம்பெண்ணின் நிலை எப்படியிருந்தது என்பதை நம் பாட்டிமார் வாயிலாக நாம் கேட்டிருக்கிறோம். நல்ல காரியங்களில் முன்னே நிற்கக்கூடாது. வண்ணச் சேலை கூடாது. வீட்டின் பின்கட்டே உலகம். சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி போன்றவர்கள் 1910கள் முதலே இளம் கைம்பெண்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கி வந்தார்கள் என்பது உண்மை. எனினும் அவர்கள் கைக்கு எட்டியவர் சிலர்; எட்டாதவர் பலர். லலிதா பிறந்தகம் திரும்பினார். குழந்தையை வளர்க்க வேண்டும். பிறர் கையை எதிர்பாராமல் வளர்க்க வேண்டும். அதற்குப் படிப்பு வேண்டும், படிப்புக்குப் பின் வேலை வேண்டும் என்று முடிவு செய்தார். இராணி மேரி கல்லூரியில் சேர்ந்து இண்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்து எந்தத் துறை என்ற கேள்வி எழுந்தது. என் தங்கையின் முன் நிற்கும் கேள்வியே அது. ஆனால் லலிதாவின் இடுப்பில் ஒரு குழந்தையும் இருந்தது.

பெண்களுக்கென்று அன்று நன்றாகத் திறந்திருந்த வாயில் மருத்துவம். சென்னை மருத்துவக் கல்லூரி 1875 முதலே பெண்களைச் சேர்த்து வந்தது. முத்துலட்சுமி அம்மையார் 1912இலேயே அங்குப் பட்டம் பெற்றுப் புகழுடன் விளங்கினார். மதிப்புள்ள தொழில், முன்னே நடந்தவர்களின் காலடித் தடமும் உண்டு. லலிதா அதனை எண்ணிப் பார்த்தார். மருத்துவரை நள்ளிரவில் கதவைத் தட்டி அழைப்பார்கள். அழைத்தால் போகத்தான் வேண்டும். தந்தையில்லாத குழந்தையை இரவில் விட்டுவிட்டு ஓடவேண்டிய தொழில் தமக்கு ஆகாது என்று கருதினார். காலையில் சென்று மாலையில் திரும்பக் கூடிய வேலை ஒன்றையே அவர் நாடினார்.

பொறியியல் அவருடைய வீட்டிலேயே இருந்தது. தந்தையும் உடன்பிறந்தாரும் மின்சாரம் பற்றிப் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அந்நாளில் சென்னை மாகாணத்தில் மின்சாரம் புதுத் துறையாகவும் வளர்ந்தது. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1930களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிக் கோவையின் ஆலைகளை ஓட்டியது. மேட்டூரிலும் அந்தப் பத்தாண்டுக்குள் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். கம்பியும் கம்பமும் ஊர் ஊராகச் செல்லவிருந்தன. கணக்குப் போடவும் படம் வரையவும் ஆள் தேவைப்படும் காலம் அது. கட்டடப் பொறியியல் படித்தவர் சாலை போடும் இடத்திலும் அணை கட்டும் இடத்திலும் கூடாரமடித்துத் தங்க நேரும். மாற்றல் வந்தால் மூட்டை கட்ட நேரும். மின்பொறியியலிலும் களப்பணி உண்டு. ஆனால் அதில் பெரும் பகுதி நகரத்து அலுவலகத்தில் வரைபலகையின் முன் அமர்ந்து செய்யத்தக்கது. லலிதா மின்பொறியியலைத் தேர்ந்தார்.

தேர்ந்தது சரி, சேர்வது எப்படி? கிண்டிக் கல்லூரி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1859இல் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. அத்தனை ஆண்டுகளாக அங்கே ஆண்கள்தான் படித்தார்கள். தந்தையார் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் மகளுக்காகப் பேசினார். முதல்வர் இசைந்தார். பொதுக் கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாதமும் அனுமதி அளித்தார். 1940இல் லலிதா கிண்டியில் கால் வைத்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். தந்தை அதே கல்லூரியில் பேராசிரியராக இராவிட்டால் அந்தக் கதவு அவ்வளவு விரைவில் திறந்திருக்குமா என்பது ஐயமே. அதே ஆண்டில் அதே சென்னையில் அதே அறிவுடைய வேறு கைம்பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்காகப் பேச ஒரு பேராசிரியர் இல்லை. லலிதாவின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்து நினைப்பதுதான் நியாயம்.

நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்களுக்கிடையே ஒரே பெண். விடுதியில் அவருக்குத் தனியே இடம் ஒதுக்கினார்கள். குழந்தையை உறவினர் வீட்டில் விட்டிருந்தார். வார இறுதி தோறும் சென்று பார்த்து வந்தார். உடன் படித்தோர் தொல்லை தந்ததாக வரலாறு இல்லை, நன்றாகவே நடத்தினார்கள். ஆயினும் மாலையில் விடுதிக்குத் திரும்பினால் பேச்சுத் துணைக்கு ஒருவருமில்லை. இதைக் கண்ட தந்தையார் மீண்டும் முயன்றார். கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் என்ற செய்தி பரவியது. லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்னும் கேரளத்து மாணவிகள் இருவர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் எடுத்தது கட்டடப் பொறியியல்.

1943இல் லலிதா பட்டத்துக்குரிய படிப்பை முடித்தார். அக்காலத்துப் பட்டச் சான்றிதழில் மாணவரைக் குறிக்கும் சொல் ஆண்பாலிலேயே அச்சிடப்பட்டிருந்தது. பெண்ணொருத்தி வருவாள் என்று அச்சகத்தாரும் எண்ணவில்லை, பல்கலைக்கழகத்தாரும் எண்ணவில்லை. அச்சடித்த சொல்லை மையால் அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

படிப்பின் ஒரு பகுதியாகத் தொழிற்பயிற்சி பெற வேண்டியிருந்தது. பீகாரிலுள்ள ஜமால்பூர் இரயில்வே பட்டறைக்குச் சென்றார். 1862இல் தோன்றிய பழம்பெரும் பட்டறை அது. கரியும் எண்ணெயும் படிந்த தரை. நீராவி வண்டிகளைப் பிரித்துப் பூட்டும் ஓசை. நம் சங்கத்து நண்பர்களில் சிலர் ஹவுராவிலிருந்து மேற்கே போகும் வண்டியில் அவ்வழியே சென்றிருப்பீர்கள். இனிச் செல்லும்போது, உலகப் போர் நடந்த ஆண்டுகளில் சென்னையிலிருந்து வந்து அங்கே பயிற்சி பெற்ற இளம் தாய் ஒருத்தியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்பு சிம்லாவில் மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளராக வேலை கிடைத்தது. 1944 முதல் 1946 வரை அங்கே பணிபுரிந்தார். அதன்பின் சென்னை திரும்பித் தந்தையாரின் ஆராய்ச்சிகளுக்குத் துணை நின்றார். மின்சாரத்தால் இயங்கும் ஓர் இசைக்கருவி, புகையில்லா அடுப்பு, மின் சுடர் உண்டாக்கும் கருவி ஆகியவற்றைத் தந்தையார் உருவாக்கி வந்த காலம் அது. பணி சுவையானதுதான். ஆனால் மாதச் சம்பளம் தரும் நிலையான வேலை வேண்டியிருந்தது. மகள் வளர்ந்துகொண்டிருந்தாள்.

1948இல் லலிதா கல்கத்தாவுக்கு வந்தார். அஸோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தின் கல்கத்தாக் கிளையில் பொறியியற் பிரிவில் சேர்ந்தார். மின் கடத்து வழிகளை வடிவமைப்பது, துணை மின்நிலையங்களின் அமைப்பை வரைவது, பாதுகாப்புக் கருவிகளைத் தேர்வது ஆகியவை அவர் பணிகள். இந்த வேலை என்ன வேலை என்று நம்மில் பலர் அறியோம். இயற்பியல் படிப்பவன் என்ற முறையில் சற்று விளக்க முயலுகிறேன்.

ஓர் அணையில் பிறக்கும் மின்சாரம் தொலைவிலுள்ள நகரத்துக்கு வர வேண்டும். கம்பியில் ஓடும் மின்னோட்டம் கம்பியைச் சூடாக்குகிறது. அந்தச் சூடு முழுதும் நட்டம். மின்னழுத்தத்தை இரு மடங்காக்கினால் அதே திறனை அனுப்பப் பாதி மின்னோட்டம் போதும். நட்டம் நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே அழுத்தத்தை மிக உயர்த்தி அனுப்புகிறார்கள். உயர்த்தினால் கம்பத்துக்கும் கம்பிக்கும் இடைவெளி கூட வேண்டும், பீங்கான் காப்பிகள் பெருக வேண்டும், கோபுரம் உயர வேண்டும், செலவு ஏறும். எங்கே நிறுத்துவது என்பது கணக்கு. இனி, கம்பி கோடையில் நீண்டு தொய்கிறது. குளிரில் சுருங்கி இறுகுகிறது. கோடையில் வயலில் நடக்கும் மனிதனுக்கு மேலே போதிய உயரம் இருக்க வேண்டும். குளிரிலும் காற்றிலும் அறுந்து விழக் கூடாது. இரண்டுக்கும் பொருந்துமாறு தொய்வைக் கணக்கிட வேண்டும். நகரத்து எல்லையில் துணைநிலையம் வருகிறது. அங்கே ஒரு பகுதியைப் பழுது பார்க்க அணைத்தால் மற்றப் பகுதிகள் எரிந்துகொண்டிருக்க வேண்டும். பழுது பார்க்கச் செல்லும் தொழிலாளி எந்த வழியே நடந்தாலும் உயிருள்ள கம்பி அவர் கைக்கு எட்டாத தொலைவில் இருக்க வேண்டும். இத்தனையும் முதலில் ஒரு தாளில் கோடுகளாகத்தான் பிறக்கின்றன. அந்தக் கோட்டில் பிழை நேர்ந்தால் அதற்கு விலை கொடுப்பவர் முகம் தெரியாத வேறொருவர். அலுவலகத்தில் அமர்ந்து செய்யும் வேலை என்பதால் எளிய வேலை என்று எண்ணிவிட வேண்டாம்.

சுதந்திரம் பெற்ற நாடு அந்த ஆண்டுகளில் அணைகளைக் கட்டிக்கொண்டிருந்தது. சட்லெஜ் ஆற்றின் குறுக்கே 226 மீட்டர் உயரத்தில் எழுந்து 1963இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணை அவற்றுள் தலையாயது. அதன் மின்னாக்கிகளுக்கான பணியில் லலிதாவின் பங்கும் உண்டு. ஆனால் கைம்பெண் ஒருத்தி கட்டுமானக் களங்களுக்குத் தனியே சென்று தங்குவதை அன்றைய சமுதாயம் ஏற்கவில்லை. அவர் வரைபலகையோடு நின்றார். தேர்ந்த துறை அவருக்கு இடம் கொடுத்தது. அந்த இடத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது. எல்லைக்குள் இருந்த வேலையை அவர் குறைவின்றிச் செய்தார். இலண்டன் மின்பொறியாளர் கழகம் 1953இல் அவரை இணை உறுப்பினராகவும் 1966இல் முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது.

இதே வேளையில் அவரோடு கிண்டியில் படித்த திரேசியா அம்மையாரின் வாழ்வைப் பாருங்கள். கட்டடப் பொறியியல் எடுத்தவர். பொதுப்பணித் துறையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1971இல் கேரள மாநிலத் தலைமைப் பொறியாளர் பதவியை அடைந்தார். நாட்டில் அப்பதவிக்கு வந்த முதற் பெண்மணி அவரே. சாலைகளும் பாலங்களும் அவர் பார்வையில் எழுந்தன. கட்டடப் பொறியியல் பெண் பிள்ளைக்கு ஒத்துவராது என்று இன்றும் சொல்லுகிறவர்கள் இந்தச் செய்தியைச் செவியிற் கொள்ளவேண்டும். ஒரே விடுதியில் இருந்த இருவர், இரு வேறு பிரிவுகள், இரு வேறு வாழ்க்கைகள். இதில் எது உயர்ந்தது என்று கேட்பதில் பொருளில்லை. திரேசியா அம்மையாருக்கு மின்சாரத்தைக் கொடுத்து, லலிதா அம்மையாருக்குப் பாலத்தைக் கொடுத்திருந்தால் இருவரும் எப்படி இருந்திருப்பார்களோ!

1964 ஜூன் மாதம் நியூயார்க் நகரில் பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாடு கூடியது. லலிதாவுக்கு அழைப்பு வந்தது. அத்தகைய சங்கம் அப்போது இந்தியாவில் இல்லாமையால் எவருடைய பேராளராகவும் செல்ல இயலவில்லை. தனிப்பட்ட முறையில் சென்று கலந்துகொண்டார். வழியில் வேறு நாட்டுப் பெண் பொறியாளர்களைச் சந்தித்தார். தம்மைப் போன்றவர்கள் உலகில் இத்தனை பேரா என்ற மகிழ்ச்சியோடு திரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன். கிண்டி விடுதியில் தனியே கழித்த மாலைகளுக்கும் இந்த மாநாட்டுக்கும் இடையே இருபத்து நான்கு ஆண்டுகள். 1967இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இரண்டாம் மாநாடு கூடியபோது அதற்கு இந்தியாவின் சார்பில் தொண்டு செய்தார். தம் பின்னே வருகிற பெண்களுக்கு வழி சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளைப் படிக்க வைத்து ஆளாக்கினார். 1977இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1979 அக்டோபரில், அறுபதாம் வயதில் மறைந்தார். ஓய்வு நாட்கள் அவருக்கு இரண்டே ஆண்டுகள்தான் வாய்த்தன. அவர் படித்த கிண்டிக் கல்லூரி அதற்கு முந்தைய ஆண்டில்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாகியிருந்தது. இன்று அங்கே மாணவியர் கூட்டம் கூட்டமாகப் படிக்கின்றனர். சான்றிதழில் எதையும் அடித்து எழுத வேண்டிய தேவை இல்லை.

நண்பர்களே, இந்த வாழ்க்கையை நான் சொல்லி முடித்ததும் என் தங்கை சற்று நேரம் பேசாமல் இருந்தாள். லலிதா அம்மையாருக்கு இருந்த நெருக்கடி அவளுக்கு இல்லை. அவள் கையில் குழந்தை இல்லை. மேலே பழிச்சொல் இல்லை. கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அம்மையார் செய்த ஒரு காரியத்தை அவளும் செய்யலாம். அவர் பிரிவின் பெயரைப் பார்த்துத் தேரவில்லை. அந்தப் பிரிவு தமக்குத் தரப்போகும் ஒரு நாளைப் பார்த்தார். காலையில் எங்கே போகவேண்டும், கையில் எதை எடுக்கவேண்டும், மாலையில் எப்பொழுது திரும்பலாம், இரவில் யார் அழைப்பார்கள் என்றெல்லாம் எண்ணிப் பார்த்தார். தம் பொறுப்பு எது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதனால் ஊரார் மதித்த மருத்துவத்தையும் விட்டுவிட அவரால் முடிந்தது.

நம்மில் எத்தனை பேர் அப்படி எண்ணிப் பார்த்து வந்தோம்? மதிப்பெண் பட்டியலில் எந்த வரிசையில் நின்றோமோ அந்த வரிசைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டவர்களே மிகுதி. நானும் அப்படி ஒரு பிரிவில் சேர இருந்தவன்தான். கடைசி நாளில் கையெழுத்துப் போடக் கை வராமல் இயற்பியலுக்குத் திரும்பினேன். அதன் பிறகு ஓராண்டு காலம் அப்பா என்னுடன் சரியாகப் பேசவில்லை. தங்கைக்கு அந்த ஓராண்டு வரக்கூடாது என்பது என் ஆசை.

இப்பொழுது அவள் ஒரு குறிப்பேடு போட்டிருக்கிறாள். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பக்கம். அந்தத் துறையில் வேலை செய்யும் ஒருவரைக் கண்டு, காலை முதல் மாலை வரை அவர் என்ன செய்கிறார் என்று கேட்டு எழுதி வருகிறாள். எங்கள் தெருவில் இருக்கும் மின்வாரியத்து மாமாவிடம் கேட்டாயிற்று. அவர் ஒரு மணி நேரம் பேசினார். பாலம் கட்டும் நிறுவனத்தில் இருக்கும் ஓர் அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். கணினிப் பக்கமும் இயந்திரப் பக்கமும் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. அப்பாவும் அந்தக் குறிப்பேட்டை இரவில் எடுத்துப் படிக்கிறார் என்று அம்மா சொன்னாள்.

இந்த இதழைப் படிக்கும் பொறியியல் மாணவர்கள் இரண்டொருவர் புதன்கிழமை மாலை சங்க அறைக்கு வந்தால் அந்தப் பக்கங்கள் நிரம்பும். அவளைப் போல் இன்னும் நாலைந்து பிள்ளைகள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களையும் அழைத்து வருகிறோம்.